பதம் பார்ப்போர் எண்ணிக்கை

அக்டோபர் 6, திங்கள்

இந்த டைரியை இன்று ஆதிலிங்கம் அண்ணாச்சி கொடுத்தார். போன வருடத்து டைரி, முதல் பக்கத்தில் உரக்கடை விளம்பரம். மிஷின் வந்ததிலிருந்து நடப்பதையெல்லாம் நான் இதில் எழுதி வைக்க வேண்டுமாம். நாளைக்குத் திருப்பி அனுப்பும்படி ஆனால் ஓர் ஆதாரம் வேண்டுமாம். மிஷினை லாரியிலிருந்தே இன்னும் இறக்கவில்லை, அதற்குள் திருப்பி அனுப்பும் பேச்சு. இந்த மனுஷர் வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று நினைத்தேன். முதலாளி என்பதால் சொல்லவில்லை.

உள்ளதை உள்ளபடி எழுதப் போகிறேன். அண்ணாச்சிக்கு என் கையெழுத்து புரியாது, அதனால் பயமில்லை.

எங்கள் கம்பெனி சுக்குக் கருப்பட்டிக் குருணை செய்கிறது. வெந்நீரில் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினால் சுக்குக் காபி. கருப்பட்டித் தூளையும் சுக்கு, மிளகு, மல்லிப் பொடியையும் பிசைந்து, சல்லடையில் தேய்த்துக் குருணையாக்கி, மொட்டை மாடியில் காயப் போடுவோம். போடுவோம் என்றால் நான்தான். பதினோரு வருடம். கையில் கம்பு, தலையில் துண்டு, எதிரே காக்கா. ஒரு தூறல் விழுந்தால் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் குருணை பாகாகி மாடிப்படியில் ஒழுகும்.

மிஷின் வாங்குங்கள், வாங்குங்கள் என்று இரண்டு வருடம் அண்ணாச்சியை நச்சரித்தவள் நான். வேண்டாம் என்று நின்றவர் அவர் மச்சினன் சேர்மத்துரை. வெயில் சும்மா கிடைக்கும்போது மிஷின் எதற்கு என்பது அவர் கட்சி. மாடிக்கு அவர் ஒரு நாள்கூட ஏறியது கிடையாது.

மிஷின் கம்பெனிக்காரர்களோடு பேசியிருப்பது இது. நவம்பர் 10க்குள், அண்ணாச்சி கண் முன்னால், அடுத்தடுத்து மூன்று ஈடு ஒழுங்காகக் காய வேண்டும். ஈரம் இரண்டு சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். காய்ந்தால் மிஷின் எங்களுக்கு, அதற்குப் பொறுப்பு நான். காயாவிட்டால் மிஷின் கோயம்புத்தூருக்கு, நான் மாடிக்கு.

இன்னொரு தடவை கம்பைப் பிடித்துக்கொண்டு அந்த மாடியில் நிற்பதற்கு நான் ஆற்றில் குளத்தில் விழுவேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

மிஷினைப் பொருத்தி ஓட்டிக் கொடுக்கக் கோயம்புத்தூரிலிருந்து லோகநாதன் என்ற இன்ஜினீயர் வந்திருக்கிறார். முப்பத்தைந்து வயதிருக்கும். பத்து வருடமாக இதே வேலையாம். எல்லாம் மாத்திரைக் கம்பெனிகள். "இதுவரைக்கும் நாப்பத்தோரு மிஷின் ஓட்டிக் குடுத்திருக்கேனுங்க அக்கா. ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லீங்க" என்றார். சேர்மத்துரை பக்கத்தில்தான் நின்றார். அவர் காதில் விழட்டும் என்று இன்னொரு தடவை கேட்டுச் சொல்ல வைத்தேன்.

மிஷின் எங்கள் வீட்டு நெற்குதிர் உயரம் இருக்கிறது. அடியில் பெரிய தொட்டி. தொட்டியின் அடிப்பக்கம் முழுக்கச் சல்லடை. கீழேயிருந்து சூடான காற்றை ஊதுவார்கள். குருணை மேலே எழும்பி, கொதிக்கிற கஞ்சி மாதிரி புரண்டு புரண்டு காயும். மேலே போகிற தூளைப் பிடிக்கத் துணிப்பை. தொட்டி நிற்கிற கால்களிலேயே எடை பார்க்கும் கருவி உண்டு. அறுபது கிலோ ஈரக் குருணை போட்டால், தண்ணீர் ஆவியாகப் போகப் போக எடை குறையும். ஐம்பத்தாறு கிலோ முந்நூறு கிராமுக்கு வந்தால் காய்ந்துவிட்டது என்று மிஷின் தானாகவே நின்றுவிடும். கணக்கு அதற்கே தெரியும்.

தொட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னக் குழாய். மூடியைத் திறந்து, ஓடும்போதே கொஞ்சம் மாதிரி எடுத்துப் பார்க்கலாம். மிஷினிலேயே எனக்குப் பிடித்த இடம் அதுதான். இவ்வளவு பெரிய மிஷின் செய்தவன் பதம் பார்க்க ஒரு வழி வைத்தானே, அவன் தாய் வாழ்க.

அக்டோபர் 9, வியாழன்

முதல் ஓட்டம். துணிப்பையைக் கட்டும் வளையம் ஒன்று சரியாக மாட்டவில்லை. பச்சைப் பட்டனை அமுக்கியதும் அறை முழுக்கச் சுக்கும் மிளகும் கருப்பட்டியும் மழையாகக் கொட்டியது. ஒன்பது பேரும் அரைமணி நேரம் தும்மினோம். குருணை பிசைகிற சூசை முப்பத்திரண்டு தும்மல் என்று எண்ணிச் சொன்னான். லோகநாதன் தம்பிக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை, கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிப்போனோம். மாத்திரையில் மிளகு கிடையாது போலிருக்கிறது.

அக்டோபர் 10, வெள்ளி

எறும்பு. நாள் முழுக்க எறும்பு.

அக்டோபர் 11, சனி

இரண்டாவது ஓட்டம். லோகநாதன் சூட்டை எழுபத்தைந்தில் வைத்தார். கருப்பட்டி தாங்காது, இளகிவிடும் என்று சொன்னேன். மாத்திரைத் தூளுக்கு எண்பதே வைப்போம் என்றார். பதினைந்தாவது நிமிடம் மிஷின் முக்கியது. இருபதாவது நிமிடம் நின்றது. திறந்து பார்த்தால் தொட்டிக்குள் அறுபது கிலோவுக்கு ஒரே கருப்பட்டிப் பாறை.

சூசை கடப்பாரை எடுத்துவந்து உடைத்தான். ஆளுக்குக் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். நான் ஒரு துண்டுகூட எடுக்கவில்லை. என் பையில் இருந்தது சோதனைக்காக.

அக்டோபர் 12, ஞாயிறு

லீவு. எங்கள் வீட்டுக்காரர் தர்மராஜ் காலையில் ஊசியோடு வந்து நின்றார். மினிபஸ் கண்டக்டர். ஆறு மாதத்துக்கு முன்னால் எனக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் என் விரலைக் குத்துவது அவருக்கு ஒரு திருப்பணி. இன்று நூற்றுத் தொண்ணூற்றாறு. காலண்டர் அட்டையின் பின்பக்கம் கோடு போட்டு வரைந்து வைக்கிறார், பேங்க் ஆபீசர் தோற்றார்.

இனிப்பே தொடுவதில்லை என்கிறாயே, எப்படி ஏறுகிறது என்று கேட்டார். கவலையில் ஏறும் என்றேன். டாக்டரே அப்படிச் சொல்லியிருக்கிறார்.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று சூடு ஐம்பது. நான் சொன்ன ஐம்பது. கண்ணாடி வழியே பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. குருணை என்னமாய்ப் புரள்கிறது. ஒட்டவில்லை, கட்டி தட்டவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பதம் பார்த்தேன். கருப்பட்டி வேலையில் பதம் நாக்குக்குத்தான் தெரியும். ஆரம்பத்தில் இளஞ்சூட்டில் மெத்தென்று இருக்கும், போகப் போக மொறுமொறுப்பு ஏறும். சூசையும் பார்த்தான். பாக்கிங்கில் இருக்கிற நான்கு பெண்களும் வந்து பார்த்தார்கள். அண்ணாச்சி போகிற வழியில் ஒரு கை பார்த்தார். லோகநாதன் தம்பிக்கு நானே டம்ளரில் பிடித்துக் கொடுத்தேன்.

நாற்பதாவது நிமிடம் மிஷின் தானாக நின்று மணியடித்தது. ஐம்பத்தாறு முந்நூறு. எல்லாரும் கை தட்டினோம்.

பிறகு லோகநாதன் ஒரு சிட்டிகையை ஈரம் பார்க்கிற கருவியில் வைத்தார். நாலு புள்ளி ஒன்று. இரண்டுக்குக் கீழே வர வேண்டியது.

அக்டோபர் 16, வியாழன்

மறுபடியும் நாலு புள்ளி ஒன்று. லோகநாதன் எடைக் கருவியில்தான் கோளாறு என்று, இருபது கிலோ எடைக்கல் மூன்றைத் தொட்டியில் வைத்துப் பார்த்தார். கிராம் சுத்தமாக அறுபது. துணிப்பையில் தூள் சிக்கியிருக்குமோ என்று உதறினார், உதறியவர்தான் தும்மினார். எடை சரி, ஈரம் சரியில்லை. அப்படியானால் உள்ளே போன சரக்கு எங்கேயோ போகிறது, எங்கே போகிறதென்று தெரியவில்லை என்கிறார்.

எனக்குத் தெரியும். எவனோ திருடுகிறான்.

அக்டோபர் 18, சனி

திருட்டைக் கண்டுபிடிக்க நானே மிஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். குழாயடியை விட்டு நகரவில்லை. ஓர் ஈ, எறும்பு எனக்குத் தெரியாமல் அண்டவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் தூக்கம் வரும் என்று பதம் மட்டும் அடிக்கடி பார்த்துக்கொண்டேன்.

நாலு புள்ளி மூன்று. போன தடவையைவிட மோசம். திருடன் கெட்டிக்காரன்.

அக்டோபர் 19, ஞாயிறு

இருநூற்றுப் பதினெட்டு. கவலைதான்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை. மாடியில் யாரும் இல்லாமல் மழை பெய்வதைப் பார்க்க எவ்வளவு நன்றாக இருக்கிறது.

அக்டோபர் 22, புதன்

கந்த சஷ்டி ஆரம்பம். திருச்செந்தூருக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு விரதம் இருக்காவிட்டால் முருகன் கேட்க மாட்டாரா. ஆறு நாளும் பால், பழம், துளசித் தண்ணீர். கம்பெனியில் எல்லாரும் இருக்கிறோம். அண்ணாச்சி கோயிலிலேயே தங்கப் போய்விட்டார். சேர்மத்துரை பச்சை வேட்டி கட்டியிருக்கிறார். சூசை வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன், ஆனால் பசித்த வாய்கள் பார்த்துக்கொண்டிருக்கத் தின்றால் தொண்டையில் இறங்க மாட்டேனென்கிறது என்று அவனும் சும்மா இருக்கிறான். லோகநாதன் பழனி பக்கம், சொல்லவே வேண்டாம்.

அண்ணாச்சி இல்லாவிட்டாலும் மிஷினை ஓட்டிப் பழகுவோம் என்று முடிவு.

அக்டோபர் 23, வியாழன்

ஒன்று புள்ளி ஒன்பது.

இரண்டு தடவை வைத்துப் பார்த்தோம். ஒன்று புள்ளி ஒன்பதுதான். லோகநாதன் என்ன செய்தாரென்று கேட்டேன். எதுவும் செய்யவில்லையாம், அதே சூடு, அதே காற்று, அதே சரக்கு.

முருகா.

அக்டோபர் 25, சனி

நேற்று ஒன்று புள்ளி எட்டு. இன்று ஒன்று புள்ளி ஒன்பது. அடுத்தடுத்து மூன்று ஈடு. லோகநாதன் அழுதேவிட்டார். நான் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். கோயில் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. மூன்றையும் என் கண்ணால் பார்த்துத்தான் கையெழுத்து, திருக்கல்யாணம் முடிந்து வருகிறேன் என்றார். வரட்டும்.

மிஷினுக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கிச் சாத்தினேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

நூற்று இருபத்தெட்டு. எங்கள் வீட்டுக்காரர் நம்பாமல் இன்னொரு விரலில் குத்தினார். நூற்று இருபத்தாறு. கவலை தீர்ந்தால் சர்க்கரை தீரும் என்று நான் சொன்னேனா இல்லையா.

அக்டோபர் 27, திங்கள்

சூரசம்ஹாரம் பார்க்கப் போனோம். கடற்கரையில் எள் போட்டால் எண்ணெயாகும் கூட்டம். சூரன் தலை விழும்போது நான் மனதில் சேர்மத்துரையை நினைத்தேன். தப்புதான்.

அக்டோபர் 29, புதன்

நேற்றோடு விரதம் முடிந்தது. இன்று அண்ணாச்சி முன்னால் ஓட்டினோம். நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். ஆறு நாள் பட்டினி கிடந்தவர்கள் எல்லாரும், அதனால் குழாயடியில் கொஞ்சம் நெரிசல்.

நாலு புள்ளி ஆறு.

அண்ணாச்சி எழுந்து கை கழுவிவிட்டுப் போனார். சேர்மத்துரை பின்னாலேயே போனார். அவர் முதுகே சிரித்தது.

அக்டோபர் 31, வெள்ளி

நேற்றும் இன்றும் நாலுக்கு மேலே. ஆளுக்கொரு காரணம். சேர்மத்துரைக்கு மிஷின் நிற்கிற மூலை சரியில்லை. பாக்கிங் பெண்களுக்குக் கண்ணேறு. அண்ணாச்சி யோசித்து யோசித்துக் கடைசியில் கேட்டார்: "யம்மா, சஷ்டிக்குக் காயுது, மத்த நாளு காயல. அப்போ முருகன் நம்மள வருசம் பூரா விரதம் இருக்கச் சொல்லுதாரோ?" சூசை அப்படியானால் நான் வேறு வேலை பார்க்கிறேன் என்றான்.

லோகநாதன் சவரம் செய்து ஒரு வாரம் இருக்கும். தினமும் ஈரத்தின் அளவைத் தாளில் புள்ளி வைத்து, கோடு இழுத்து, மிஷின் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார். மேலே, மேலே, தொபுக்கடீர் என்று கீழே, மறுபடி மேலே. அதைப் பார்த்துக்கொண்டே டம்ளரில் பதம் பார்க்கிறார். பாவம், நாற்பத்திரண்டாவது மிஷின்.

நவம்பர் 2, ஞாயிறு

இருநூற்று முப்பத்தொன்று. எங்கள் வீட்டுக்காரர் காலண்டர் அட்டையில் கோட்டை இழுத்துவிட்டு அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 4, செவ்வாய்

சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டு வந்துவிட்டேன். மதியம் பஸ்ஸை வாசலில் நிறுத்தி எங்கள் வீட்டுக்காரர் கொண்டுவந்தார். மிஷின் அறைக்குள் வந்தவர் சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். போகாமல் நின்றார். பஸ்ஸில் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார், இவர் அசையவில்லை. இது என்ன படம் என்று லோகநாதனிடம் கேட்டார். அவர் விவரம் சொன்னார். சஷ்டிக்கு மட்டும் இறங்கியதையும் சொன்னார். இவர் தலையை ஆட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே போய்விட்டார்.

சாயந்தரம் வீட்டுக்குப் போனால் காலண்டர் அட்டையைக் கழற்றித் திருப்பி மேஜைமேல் வைத்திருந்தார். அங்கே உள்ள அதே படம். மேலே, மேலே, தொபுக்கடீர், மறுபடி மேலே.

"ஏட்டி, அந்த மிஷினும் நம்ம ஊசிப் பெட்டியும் ஒரே பள்ளிக்கூடத்துலயா படிச்சுது?" என்றார்.

பதம் பார்ப்பது தின்பது ஆகுமா என்று கேட்டேன். எவ்வளவு பார்ப்பாய் என்றார். சும்மா ஒரு கை என்றேன். எத்தனை தடவை என்றார். டிக்கெட் கேட்கிற குரல். எட்டுத் தடவை என்றேன். உன் கையா என்று என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். அவர் திட்டவில்லை. சாப்பிட்ட தட்டை அவரே கழுவினார். எனக்கு வெட்கமாக இருந்தது. பதினெட்டு வருடத்தில் அவரிடம் நான் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

நவம்பர் 5, புதன்

உடம்பு சரியில்லை என்று லீவு போட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

படுத்துக்கொண்டு யோசித்தேன். நான் ஒருத்தி தின்றதா அவ்வளவும்? மற்றவர்களும்தானே? சரி, எல்லாரும். ஆனால் எட்டுப் பேர் தின்றாலும் வாய் திறக்க மாட்டார்கள். ஏனென்றால் யாருக்கும் தாங்கள் தின்கிறோம் என்றே தெரியாது. பதம் பார்க்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து கருப்பட்டிக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான். லோகநாதன் ஓட்டியதெல்லாம் மாத்திரை மிஷின், அங்கே எவன் ருசி பார்ப்பான்? அவர் தலையில் எப்படி உதிக்கும்?

சொன்னால் ஊரே சிரிக்கும். சொல்லாவிட்டால் மாடி.

நவம்பர் 6, வியாழன்

காலையில் போனதும் வாசலில் சேர்மத்துரை நின்றார். கையில் புதுக் கம்பு. மூங்கில், நல்ல வழவழப்பு. "மாடியைக் கூட்டச் சொல்லிட்டேன். திங்கக்கிழமைலேர்ந்து நீ மேல போயிரு. பழைய கம்பு உளுத்துப்போச்சு, புதுசு வெட்டிட்டு வந்தேன்" என்றார். அவ்வளவு அன்பாகச் சொன்னார்.

கம்பை வாங்கிக்கொண்டேன். நேரே மிஷின் அறைக்குப் போனேன். அண்ணாச்சியையும் பாக்கிங் பெண்களையும் கூப்பிட்டேன். எல்லாரும் வந்தார்கள், சேர்மத்துரையும் வேடிக்கை பார்க்க வந்தார். கல்லா மேஜையிலிருந்த தராசை எடுத்துவந்து நடுவில் வைத்தேன். போன ஈட்டுக் குருணை ஒரு டின் அங்கே இருந்தது.

"அண்ணாச்சி, மிஷின்ல ஒரு குத்தமும் இல்ல. நான் திங்கேன்" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. அதனால் செய்து காட்டினேன். ஓர் ஈட்டுக்கு நான் எப்படிப் பதம் பார்ப்பேனோ அப்படியே, கைநிறைய, எட்டுத் தடவை டின்னிலிருந்து அள்ளித் தராசுத் தட்டில் போட்டேன். வாயில் போடாமல் தட்டில் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. முந்நூற்று இருபது கிராம்.

பாக்கிங் பெண்களில் ஒருத்தி அம்மாடியோ என்றாள். எனக்குக் காது இரண்டும் எரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

சூசை முன்னால் வந்தான். நான்கு கை அள்ளிப் போட்டான். நூற்று நாற்பது. அதைப் பார்த்துப் பாக்கிங் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டு வந்தார்கள். நான்கு பேருக்கும் சேர்த்து நானூற்று இருபது. லோகநாதன் எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தினார். தன் டம்ளரைப் பார்த்தார். அதில் பாதி இருந்தது. அதையும், தின்று முடித்திருந்த முன்பாதிக்குச் சமமாக டின்னிலிருந்து இன்னொரு பாதியையும் தட்டில் கொட்டினார். நூற்றுப் பத்து.

எல்லாரும் அண்ணாச்சியைப் பார்த்தோம். அவர் தொண்டையைச் செருமினார். "முதலாளி சரக்கைப் பாக்காம விடலாமா?" என்று கேட்டுக்கொண்டே அள்ளிப் போட்டார். நூற்று எண்பது.

மீதி சேர்மத்துரை. நான் மிஷின் பக்கமே வருவதில்லை என்றார். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துத் தட்டில் வைத்தார். பிள்ளைக்கு என்றார். தொண்ணூறு கிராம். அவருக்குப் பிள்ளை வேலூரில் ஹாஸ்டலில் படிக்கிறது.

லோகநாதன் கூட்டினார். ஒரு கிலோ இருநூற்று அறுபது. பிறகு என்னவோ பெருக்கி வகுத்தார். அவ்வளவு சரக்கு வாய்வழியாகப் போனால், மிஷின் அதையும் தண்ணீர்தான் ஆவியாகிவிட்டது என்று நினைத்துச் சீக்கிரமே நின்றுவிடும், ஈரம் சரியாக நாலு புள்ளி ஒன்று வரும் என்றார். முதல் நாள் வந்த அதே நாலு புள்ளி ஒன்று. தாளைக் கையில் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு மாசமுங்க அக்கா" என்றார். "ஒரு மாசமா நானும் தின்னுட்டே தேடிட்டு இருந்திருக்கேனுங்க."

முதலில் சிரித்தது அண்ணாச்சி. அப்புறம் அடக்க முடியவில்லை. நானும் சிரித்தேன், கொஞ்சம் அழுதேன். கம்பை சேர்மத்துரையிடமே திருப்பிக் கொடுத்தேன்.

நவம்பர் 7, வெள்ளி

குழாயில் பூட்டு. சாவி லோகநாதன் இடுப்பில். ஒன்று புள்ளி எட்டு.

நவம்பர் 8, சனி

ஒன்று புள்ளி ஒன்பது. யாருக்கும் வேலையே ஓடவில்லை. சூசை பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நவம்பர் 10, திங்கள்

ஒன்று புள்ளி எட்டு. அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போதே, பூட்டு மட்டும் வேண்டாமே தம்பி, பதம் பார்க்காத சரக்கை எந்த முகத்தோடு விற்பது என்று கேட்டார். எல்லாரும் ஆமாம் என்றோம்.

லோகநாதன் சாப்பிடக்கூடப் போகாமல் மிஷினுக்குள் இருக்கிற கம்ப்யூட்டரில் என்னவோ செய்தார். இப்போது பச்சைப் பட்டனுக்கு முன்னால் திரையில் ஒரு கட்டம் வருகிறது. தமிழிலேயே எழுதியிருக்கிறார்: பதம் பார்ப்போர் எண்ணிக்கை. எத்தனை பேர் என்று அமுக்கினால், அத்தனை பேர் பங்கைக் கழித்துக்கொண்டு மிஷின் கணக்குப் போடும். ஆளுக்கு மூன்று கரண்டி. கரண்டியைச் சங்கிலி போட்டுக் குழாயோரம் தொங்கவிட்டிருக்கிறார். நாற்பத்திரண்டு மிஷினில் இந்தக் கட்டம் எங்களிடம் மட்டும்தானாம்.

சாயந்தர பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். பழனிக்கு வந்தால் கட்டாயம் வீட்டுக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல தம்பி.

நவம்பர் 12, புதன்

நான் இப்போது மிஷினுக்குப் பொறுப்பு. அண்ணாச்சி எனக்கு உதவிக்கு ஒரு பெண்ணைச் சேர்த்திருக்கிறார், லோகநாதன் போனாலும் நாங்கள் ஒன்பது பேர்தான். வெளியே அடைமழை. உள்ளே என் குருணை புரண்டு கொண்டிருக்கிறது. சந்தோஷமாக இருக்கிறது, மறைப்பானேன்.

வேலை முடிகிற நேரம் எங்கள் வீட்டுக்காரர் மினிபஸ் வாசலில் நிற்கும். அவர் படியில் நின்றுகொண்டு ஈரம் எவ்வளவு என்று கேட்டார். ஒன்று புள்ளி ஒன்பது என்றேன். முகம் மலர்ந்து விசில் கொடுத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கட்டத்தில் இன்று என்னையும் சேர்த்து ஒன்பது என்று அமுக்கியிருந்தேன்.

நவம்பர் 13, வியாழன்

யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். சூசையாகத்தான் இருக்கும். இன்று பஸ்ஸில் எங்கள் வீட்டுக்காரர் ஈரத்தோடு, கட்டத்தில் எத்தனை போட்டாய் என்றும் கேட்டார். ஒன்பது என்றேன். உன்னைத் தள்ளினால் எட்டு அல்லவா என்றார். பஸ்ஸில் இருபது பேர் இருக்கிறார்கள்.

நவம்பர் 14, வெள்ளி

எட்டு என்று அமுக்கினேன். அப்புறம் சும்மா மூன்றே கரண்டி பார்த்தேன். மூன்று ஆறாகியிருக்கலாம்.

ஈரம் இரண்டு புள்ளி நாலு. இன்னும் ஏழு நிமிடம் ஓட்டிச் சரி செய்துவிட்டோம், சரக்குக்கு ஒன்றும் குறைவில்லை. ஆனால் முதலில் வந்த எண்ணை ஈரம் பார்க்கிற கருவி தாளில் அச்சடித்துத் துப்பிவிட்டது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன். எட்டு என்றேன். ஈரம் என்றார். பையை அணைத்துப் பிடித்துக்கொண்டேன். கையை நீட்டினார். தாளைக் கொடுத்தேன். பாஸ் பார்ப்பதுபோல் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, பஞ்ச் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஒன்பது என்று போட்டால் எண்ணிக்கை காட்டிக்கொடுக்கும். எட்டு என்று போட்டால் ஈரம் காட்டிக்கொடுக்கும். எந்தப் பக்கமும் ஓட முடியாது. இந்த மிஷின்தான் வேண்டும் என்று இரண்டு வருடம் ஒற்றைக்காலில் நின்றவள் நான். யாரை நோவது?

நவம்பர் 15, சனி

இன்று குழாயடிக்கே போகவில்லை. கண்ணாடி வழியே மட்டும் பார்த்தேன். பதினோரு மணி ஈட்டில் மற்றவர்கள் கரண்டியை எடுக்கும் சங்கிலிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றெரிச்சல். நாள் முழுக்க எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன்.

சாயந்தரம் பஸ் வந்தது. எங்கள் வீட்டுக்காரர் வாயைத் திறக்கும் முன்பே முன்சீட்டு மீன்கார அம்மா கேட்டுவிட்டாள்: "இன்னைக்கு எவ்வளவுக்கா?"

பஸ்ஸே என் பக்கம் திரும்பியது. டிரைவர்கூடக் கண்ணாடியில் என்னைத்தான் பார்த்தார்.

"எட்டு" என்றேன். "ஒண்ணு புள்ளி ஒம்பது."

எங்கள் வீட்டுக்காரர் தாளைக் கேட்கவில்லை. நீளமாக ஒரு விசில் கொடுத்தார். மீன்கார அம்மா கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, எனக்கு உட்கார இடம் விட்டாள்.